ஒரு சிப்பாயின் ஆறு நாள் விடுமுறை

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு, கிடைத்த விடுமுறையில் ரயிலில் கழிவது எத்தனை நாள், தாயின் அருகில் இருப்பது எத்தனை நாள் என்று கணக்கிடுவது பழகிப்போன காரியம். அந்தக் கணக்கையே கருவாகக் கொண்டு உலகம் போற்றும் திரைப்படம் ஒன்றை அளித்தவர் சோவியத் டைரக்டர் கிரிகோரி சுக்ராய்.

அவர் 1921ஆம் ஆண்டு உக்ரேனிலுள்ள மெலிடோபோல் நகரில் பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட் படையில் பணியாற்றினார், பலமுறை காயமுற்றார், ஸ்டாலின்கிராட் போர்க்களத்தையும் கண்டார். யுத்தம் ஓய்ந்தபின் மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் பயின்றார். 1956இல் வெளிவந்த 'நாற்பத்தொன்றாவது ஆள்' என்னும் படம், மறு ஆண்டு பிரான்ஸ் நாட்டுக் கான் திரைப்பட விழாவில் தனிப் பரிசு பெற்று அவர் பெயரை உலகறியச் செய்தது.

1959இல் வந்தது 'ஒரு சிப்பாயின் கதைப்பாடல்'. பத்தொன்பது வயது அல்யோஷா பகைவரின் இரு டாங்கிகளை அழிக்கிறான். பதக்கம் வேண்டாம், தாயைக் கண்டு வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வர விடுமுறை போதும் என்கிறான். போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள், கூரைக்கு இரண்டு நாள் என ஆறு நாட்கள் கிடைக்கின்றன. வழியிலோ காலிழந்த வீரன் ஒருவனுக்கு, அவன் மனைவி வந்து சேரும்வரை துணை நிற்கிறான். சரக்கு வண்டியில் சந்தித்த ஷுரா என்னும் பெண்ணுக்கு உதவுகிறான். அவன் ஏறிய ரயில்மீது குண்டு விழுகிறது. இவ்வாறு நாட்களெல்லாம் கரைந்து, தாயைத் தழுவிக்கொள்ளச் சில நிமிஷங்களே மிஞ்சுகின்றன. கூரை செப்பனிடப்படவேயில்லை.

அவன் யுத்தத்திலிருந்து மீளமாட்டான் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் சுக்ராய். ஆகவே, அவன் பிறருக்காகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் நம் நெஞ்சைச் சுடுகிறது. போர்முனைச் சாகசங்களை அடுக்கியிருந்தால் இவ்வளவு துயரம் பிறந்திராது. 1960இல் கான் விழாவிலும் பரிசு பெற்ற இப்படத்துக்கு, 1961இல் லெனின் பரிசும் கிடைத்தது.

படைப்பில் காட்டிய நேர்மையை அவர் பதவியிலும் காத்தார். 1963இல் மாஸ்கோ திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்கு அவரே தலைவர். இத்தாலிய டைரக்டர் பெல்லினியின் 'எட்டரை' என்னும் படத்துக்குத் தலைசிறந்த பரிசு அளிப்பதை அதிகாரிகள் விரும்பவில்லை. ஆயினும் பரிசு அதற்கே சென்றது.

2001ஆம் ஆண்டு அக்டோபரில், எண்பதாம் வயதில் சுக்ராய் மாஸ்கோவில் காலமானார். யுத்தத்தில் மாண்ட எண்ணற்ற இளைஞருக்கு வெற்றிக் கம்பம் நாட்டுவோர் பலர். அவர்களுள் ஒருவனை ஒரு தாயின் மகனாகவே நம் நினைவில் நிறுத்தியவர் அவர்.