ரத்தம் உறையுமா? எண்ணோடு யூனிட்டையும் டைப் செய்யுங்கள்

நோயாளிக்கு வரப்போகும் ஆபத்தைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்கிறது என்று படித்தால் ஏதோ மந்திரம் என்று எண்ண வேண்டாம். பல நேரங்களில் அது வெறும் கூட்டல் கணக்குதான்.

கொரோனாவையே எடுத்துக் கொள்வோம். இந்த வைரஸால் ஏற்படும் அழற்சி ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிப்பதால் ரத்தம் எளிதில் உறைகிறது. காலில் உண்டான ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 2020ல் நெதர்லாந்தில் ஐ.சி.யு.வில் இருந்த 184 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், தடுப்பு மருந்து கொடுத்தும் உறைவுச் சிக்கல் வரும் வாய்ப்பு 31 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

யாருக்கு வரும் என்று எப்படிக் கணிப்பது? 2010ல் இத்தாலியின் படுவா நகர டாக்டர்கள் ஒரு மார்க் அட்டவணை வெளியிட்டார்கள். முன்பு ரத்தக் கட்டி வந்திருந்தால் 3, நடமாட முடியாவிட்டால் 3, வயது 70 அல்லது அதற்கு மேல் என்றால் 1, தொற்று நோய் இருந்தால் 1 என்று போகும். மொத்தம் 4 வந்தாலே ஆபத்து அதிகம். எக்செல்லில் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆனால் ஐ.சி.யு.வில் படுத்திருக்கும் கொரோனா நோயாளிக்குப் படுக்கைக்கு 3, தொற்றுக்கு 1 என்று எடுத்த எடுப்பிலேயே 4 வந்துவிடும்! எல்லாரும் பாஸ் ஆகும் பரீட்சையில் யாரைப் பிரித்துப் பார்ப்பது? சாதாரண வார்டு நோயாளிகளுக்காக உருவான அட்டவணை அது.

அதனால்தான் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையையும் பார்க்கிறார்கள். உறைந்த ரத்தம் கரையும்போது வெளிப்படும் துணுக்குகளின் அளவு இது. தீவிர நோயாளிகளுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்கும்படி 2021 ஏப்ரலில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொன்னது.

அந்த ஆண்டு நான் நெற்குப்பையில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். தெருவில் தெரிந்த அண்ணன் ஒருவர் தன் அப்பாவின் ரிப்போர்ட்டுகளை எக்செல்லில் ஏற்றித் தரச் சொன்னார். இரண்டும் வேறு வேறு லேப். "தம்பி, 480லேருந்து 0.9க்கு இறங்கிடுச்சு, இனி பயமில்லேல்ல?" என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். முதலாவது நானோகிராம், டி.டி.யு. கணக்கு. இரண்டாவது மைக்ரோகிராம், எப்.இ.யு. கணக்கு. ஒரு டி.டி.யு. என்பது ஏறத்தாழ இரண்டு எப்.இ.யு. ஆக, 480 என்பது 960, 0.9 என்பது 900. இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றே டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

நீங்களும் இப்படி ஷீட் தயாரித்தால் யூனிட்டுக்குத் தனி நெட்டு வரிசை கொடுங்கள். டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து மட்டும் தேர்வு செய்யும்படி வையுங்கள். லேபுக்கு லேப் பரிசோதனை கிட் மாறும் என்பதால் இந்த இரு மடங்கும் தோராயம்தான். முடிந்தால் ஒரே லேபில் பாருங்கள்.

எண் ஏறினால் உறைவு எதிர்ப்பு மருந்தையும் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். தீவிர நிலையில் இருந்த சுமார் 1,100 கொரோனா நோயாளிகளிடம் ஹெபாரினை முழு அளவில் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2021ல் வெளியானது. வழக்கமான தடுப்பு அளவை விட அதில் கூடுதல் பலன் இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.3 சதவீதத்துக்குப் பதில் 3.8 சதவீதம்.