சாணி வண்டு இல்லாத மேய்ச்சல் நிலம்

1788-இல் ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாக மாடுகள் கப்பலேறிப் போயின. சாணி வண்டுகள் போகவில்லை. அந்த மண்ணின் வண்டுகளுக்குப் பழக்கப்பட்டது கங்காருவின் உலர்ந்த புழுக்கை. ஈரமும் கனமுமான மாட்டுச் சாணத்தை அவற்றில் பெரும்பாலானவை சீந்தவில்லை. சாணி விழுந்த இடத்திலேயே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. அடியில் புல் செத்தது, சுற்றியிருந்த புல்லை மாடு தொடவில்லை, ஈக்கள் பெருகின. ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா இதன் காரணத்தைக் கண்டுகொண்டார். அவர் முயற்சியால் 1960-களில் தொடங்கி ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் நிலைத்துவிட்டன.

ஒரு கண்டமே தேடிப்போய் வாங்கிய இந்த வேலைக்காரர்கள் நம் மேய்ச்சல் காடுகளில் தாமாகவே வருகிறார்கள். புதுச் சாணியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். எல்லாப் பூச்சிகளையும் போலத் தலை, மார்பு, வயிறு, ஆறு கால்கள்தாம். ஆனால் தலையின் முன்விளிம்பு மண்வெட்டிபோல் தட்டையாக இருக்கும். முன்னங்கால்களில் தோண்டுவதற்கென்றே கூர்முனைகள் உண்டு. உணர்கொம்பின் நுனியில் உள்ள மெல்லிய தகடுகள் விரிந்து, தொலைவிலிருந்தே சாணத்தின் வாசனையைப் பிடித்துவிடும். முன்னிறகுகள் கெட்டியான மூடியாகிவிட்டதால், மண்ணுக்குள் எவ்வளவு முட்டி மோதினாலும் பறக்கும் பின்னிறகுகள் கிழிவதில்லை.

உருண்டை உருட்டும் வண்டுதான் பெயர் வாங்கியது. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு வண்டு இரவில் பால்வீதியின் ஒளியை வைத்துத் திசை தவறாமல் போவதாக 2013-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, யார் கண்ணிலும் படாமல் சாணிக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டும் வண்டுகளின் உழைப்பு. வளர்ந்த வண்டு சாணத்தின் சாற்றையும் நுண்துகள்களையும் மட்டுமே உண்ணும். மற்றதை மண்ணுக்குள் இழுத்துப் போய் உருண்டையாக்கி, பெரும்பாலும் உருண்டைக்கு ஒன்றாக முட்டையிடும். பொரிந்த புழு அந்த உருண்டைக்குள்ளேயே தின்று வளரும். சுவரில் விரிசல் விழுந்தால் தன் கழிவாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். கூட்டுப்புழுவாகி, வண்டாகித்தான் வெளியே வரும்.

இந்தக் குடும்ப வேலையில் நிலம் எருவேறுகிறது. சுரங்கங்கள் வழியே மழைநீர் இறங்குகிறது. ஈக்கள் முட்டையிடச் சாணி மிஞ்சுவதில்லை. மாட்டின் குடற்புழுக்கள் புல்லுக்குத் தாவும் வாய்ப்பும் குறைகிறது.

அந்தக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் மருந்தே இப்போது வண்டுக்கு எமனாகிறது. ஐவர்மெக்டின் கொடுத்த மாட்டின் சாணத்தில் மருந்து பல நாள் வெளியேறிக்கொண்டிருக்கும். அதைத் தின்னும் வண்டுப் புழுக்கள் சாகின்றன. மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயுள்ள மாட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மாடு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுங்கள். கொடுத்த பிறகு சில நாள் மேய்ச்சலுக்கு விடாமல் தொழுவத்தில் கட்டிப்போடுங்கள்.