நீலச் சிலுவைக்குப் போன நண்பர்

சுவிசில் எங்கள் தொழிற்சாலை நண்பர் ஒருவர் (அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்) குடியை ஒரேயடியாக விட்டார். மறுநாளே வலிப்பு வந்து விழுந்தார். நெடுநாள் குடித்தவர் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து, வைத்தியரின் கண்காணிப்பில்தான் விடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில்தான் அறிந்தோம்.

பிறகு போனது நீலச் சிலுவைச் சங்கத்துக்கு. 1877இல் ஜெனீவாவில் லூயி லூசியன் றோஷா என்ற போதகர் தொடங்கியது. குடிப்பதில்லை என்று குறிப்பிட்ட காலத்துக்குக் கையெழுத்து வைப்பது அந்நாளைய வழக்கம். வேதக்காரர் மதம் மாற்றிவிடுவார்களோ என்று சைவரான நாங்கள் பயந்தோம். அந்தப் பேச்சே வரவில்லை. குடிக்குப் பின்னால் போர் நினைவும் நித்திரையின்மையும் இருப்பதைக் கண்டு மனநோய் வைத்தியரிடமும் அனுப்பினார்கள்.

"விசர் என்று சனம் சொல்லுமே" என்று மனைவி அழுதார். பேசியதை ஆலோசகர் வெளியே சொல்லமாட்டார். இப்போது நண்பர் செவ்வாய்தோறும் போகிறார். மொழிபெயர்க்க நானும் கூடப்போகிறேன்.