கறுப்பு மெனுவும் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையும்

கிள்ளானில் என் மாமா நடத்தும் வாழை இலை உணவகத்தின் மெனு அட்டையை நான் இரண்டு முறை வடிவமைத்திருக்கிறேன். முதல் முறை செய்தது பார்க்க அழகாக இருந்தது. என் விரிவுரையாளர்கூடப் பாராட்டினார். அந்த அட்டையால்தான் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, விரதம் இருந்த ஓர் அம்மாவின் வாயில் ஆட்டிறைச்சி போனது.

நான் கோலாலம்பூரில் வரைகலை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 6 ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி, இப்போது பாடம் முழுக்க ஆங்கிலம். கடந்த ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா கேட்டார்: "பாப்பா, நீ டிசைன்தானே படிக்கிறே? கடை மெனு கிழிஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு செஞ்சு குடேன்."

பழைய மெனுவை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, மூலையில் சிரிக்கும் மிளகாய்ப் படம். மலாய், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளும் நெருக்கியடித்து நின்றன. விலை ஏறும்போதெல்லாம் மாமா ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். கோழி வறுவலின் விலையை விரலால் தடவினாலே அது எத்தனை முறை ஏறியது என்று எண்ணிவிடலாம்.

எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கறுப்புப் பின்னணி, மெல்லிய தங்க நிற எழுத்து, ஓரமெல்லாம் கோலப் புள்ளிகள் என்று நான் ஒன்றைச் செய்தேன். விலைக்கு முன்னால் 'ஆர்எம்' போடவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம்கூட இருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டாலர் குறி இல்லாமல் வெறும் எண் மட்டும் போட்ட மெனுவைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவு செய்தார்கள் என்று படித்திருந்தேன்.

தமிழையும் எடுத்துவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மூன்று மொழியும் இருந்தால் ஒவ்வொரு வரியும் நீண்டு பக்கம் அடைத்துக்கொண்டது. அதோடு, மென்பொருளில் தமிழை ஒட்டியதும் எழுத்து உடைந்தது. 'கோழி' என்று எழுதினால் இரட்டைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது, ஒரு நிமிட வேலை. அன்று விடியற்காலை 2 மணிக்கு அதைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. "தமிழ் எங்கம்மா?" என்று மாமா கேட்டபோது, "எல்லாருக்கும்தான் மலாய் தெரியுமே மாமா" என்றேன். படித்த பிள்ளை சொல்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

30 அட்டைகள் அச்சாகி வந்தன. ஒன்று 38 வெள்ளி.

முதல் அதிர்ச்சி தங்கம். திரையில் தெரிவது ஒளி, தாளில் இருப்பது மை. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற 4 மைகளைக் கலந்து திரையின் மினுமினுப்பைக் கொண்டுவர முடியாது. அதற்குத் தனி உலோக மை வேண்டும், அல்லது தங்கத் தகடு ஒட்டவேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம். என் தங்கம் ஆறிப்போன கடுகுக் குழம்பு நிறத்தில் வந்திருந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணையப் பக்கங்களுக்கு ஒரு சர்வதேச விதி இருக்கிறது. என் கணினியில் அந்தக் கணக்கு தேறியிருந்தது, கடையில் தோற்றது. பளபளப்பான லேமினேஷனில் குழல்விளக்கு கோடாக விழுந்தது. வாசல் மேசைகளில் அமர்ந்தவர்கள் கைப்பேசி விளக்கை அடித்துப் படித்தார்கள். "தங்கச்சி, இந்த 12ன்றது விலையா, ஐட்டம் நம்பரா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். கார்னெல் ஆய்வில் அந்தக் கேள்வி இல்லை.

பாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். அட்டையை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். "நல்லா அழகாத்தான் இருக்கு" என்று மூடி வைத்துவிட்டு, "என்னம்மா இருக்கு பசியாற?" என்று கேட்டார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 4 ஆண்டு படித்தவர். தமிழ் மட்டும்தான் வாசிப்பார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு புரட்டாசி வந்தது. அந்த மாதம் நம் உணவகங்களில் சைவ ஐட்டங்கள் கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மாமா கடையில் சோயாவில் செய்த 'சைவ மட்டன்' வறுவலுக்குத் தனி ரசிகர்களே உண்டு. நான் மெனுவைச் சமைக்கும் முறைப்படி பிரித்திருந்தேன். வறுவல் என்ற தலைப்பின் கீழ் கோழி, மட்டன், சைவ மட்டன், பாகற்காய். சைவத்துக்கு முன்னால் பச்சைப் புள்ளி, அசைவத்துக்கு முன்னால் சிவப்புப் புள்ளி. புள்ளியின் அளவு 2 மில்லிமீட்டர்.

மேசையில் பரிமாறும் அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வந்து 8 மாதம் ஆகியிருந்தது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் சரளமாக வாசிக்க வரும். பழைய மெனுவில் வாடிக்கையாளர் எந்த மொழியைப் படித்தாலும் விரலை வைத்துக் காட்டுவார். இவர் எதிர்ப்பக்கம் நின்று விரலுக்குக் கீழே உள்ள தமிழைப் படித்து எழுதிக்கொள்வார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே அட்டையை ஒரே நேரத்தில் படித்தார்கள். அதைத்தான் நான் எடுத்துவிட்டிருந்தேன். புது அட்டையில் அவர் ஐட்டங்களின் வரிசையை மனப்பாடம் செய்து சமாளித்து வந்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை இரவு ஒரு விரல் இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் நின்றது.

அந்த அம்மா கத்தவில்லை. ஒரு வாய் மென்றதும் நிறுத்திவிட்டு, "தம்பி, இது சைவம்தானே?" என்று கேட்டாராம். மாமா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவர் கைகழுவும் இடத்துக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். "மூணு வாரமா இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா அன்றிரவு கைப்பேசியில் அழைத்தார். திட்டவில்லை. "அட்டைய மாத்திடலாமா பாப்பா?" என்றார். மறுவாரம் கிள்ளானுக்குப் போய் அந்த அண்ணனிடம், "புள்ளியப் பாக்கலீங்களா?" என்று கேட்டேன். "புள்ளியா? அது கோலம்னு நினைச்சேங்க" என்றார். உண்மைதான். ஓரமெல்லாம் அலங்காரப் புள்ளி வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் புள்ளிக்கு மட்டும் பொருள் உண்டு என்றால் யாருக்குப் புரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், குறிப்பாக ஆண்கள். இந்தியாவில் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் போடுவது வழக்கமாக இருந்தது. அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியது. நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும் என்பதுதான் காரணம். அந்தக் குறி போட்ட பொட்டலங்கள் மாமா கடைச் சமையலறை அலமாரியிலேயே இருந்தன. நான் ஒரு நாளும் சமையலறைக்குள் போய்ப் பார்த்ததில்லை.

இரண்டாவது அட்டைக்குக் கணினியைத் திறக்கும் முன், சனி, ஞாயிறு இரண்டு நாளும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மதியத்தில் மெனுவை யாருமே திறப்பதில்லை! உட்கார்ந்ததும் இலை விழுகிறது, சோறு வருகிறது, 3 காய்கறி வருகிறது, வறுவல் வகைகளைத் தட்டிலேயே கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் ஒரு முழுப் பக்கத்தைத் தங்க எழுத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்திருந்தேன். மெனுவுக்கு வேலை வருவது மாலை 7 மணிக்கு மேல்தான். தோசையும் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் தேடுகிறார்கள். 4 பேருக்கு ஓர் அட்டை. வலது கை சாப்பிட்டுக்கொண்டிருக்கும், இடது கையால் அட்டையைத் தூக்கி அடுத்ததைத் தேடுவார்கள். பல நேரம் வலது கையும் வந்துவிடும். மஞ்சள் கறை அப்படித்தான் ஏறுகிறது.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கறைதான். வெள்ளைத் தாள் ஒரு மாதத்தில் மஞ்சளாகும். கறுப்பில் துடைத்த துணியின் தடம் வெள்ளையாகத் தெரியும். சந்தன நிறத்தில் மஞ்சள் கறை பெரிதாக உறுத்தாது. எழுத்து முழுவதும் ஒரே கறுப்பு மை. 4 மை கலந்த நிறத்தில் சின்ன எழுத்தை அச்சடித்தால், ஒரு மை இம்மி நகர்ந்தாலும் ஓரம் மங்கும். தமிழில் அது ஆபத்து. மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி அடைத்துக்கொள்ளும். லேமினேஷன் பளபளப்பில்லாதது. சிவப்பு நிறம் பசியைத் தூண்டும் என்று வகுப்பில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கிள்ளானில் இரவு 8 மணிக்குக் கடைக்கு வருபவருக்குப் பசியைத் தூண்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. தலைப்புகளுக்கு மட்டும் அரக்குச் சிவப்பு போதும் என்று விட்டேன்.

எதை எங்கே வைப்பது? மெனுவைத் திறந்ததும் கண் நடுவுக்கும், பிறகு வலது மேல் மூலைக்கும் போகும், அங்கேதான் லாபமான ஐட்டத்தை வைக்கவேண்டும் என்று ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிபில் யாங் கண் அசைவுகளை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் மெனுவைப் புத்தகம் போல வரிசையாகத்தான் படிக்கிறார்கள் என்றது. கல்லாப்பெட்டிப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததும் அதேதான். ஆகவே இரவில் அதிகம் கேட்கும் தோசையும் ரொட்டியும் மேலே வந்தன, பானங்கள் கீழே. விலைக்கு முன் 'ஆர்எம்' திரும்பி வந்தது.

தமிழுக்கு இடம் பிடித்ததுதான் பெரிய வேலை. தமிழ் எழுத்துகளில் 'கி', 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'கு', 'கூ'வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதாது, இரண்டு வரிகள் முட்டிக்கொள்ளும். ஒன்றரை மடங்கு வைத்தேன். எழுத்துரு தேடியபோதுதான் ஆப்பிள் கணினியில் வரும் இணைமதியை உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன் என்று தெரிந்தது. அவருடைய செல்லினத்தில்தான் நான் இத்தனை நாளும் குறுஞ்செய்தி அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மொழி நெருக்கடிக்கு விடை எளிமையானது. தோசை, இட்லி, ரசம், பொரியல் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே பெயர்தானே? ரோமன் எழுத்தில் ஒரு முறை எழுதினால் இருவருக்கும் போதும். அதற்கு நேர் கீழே அதே அளவில் தமிழ். விரல் எந்த வரியில் நின்றாலும் இரண்டும் சேர்ந்தே தெரியும்.

சைவம் முழுவதும் அட்டையின் பின்பக்கம் போனது. மேலே அகலமான பச்சைப் பட்டை, அதில் வெள்ளையில் பெரிதாக 'சைவம்' என்ற சொல். பச்சை தெரியாதவருக்கும் சொல் தெரியும், சொல் படிக்காதவருக்கும் பின்பக்கம் என்பது தெரியும். அந்தப் பக்கத்தில் 'மட்டன்' என்ற சொல்லே வரக்கூடாது என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "சைவ மட்டன்னுதானே எல்லாரும் கேக்குறாங்க?" என்று இரண்டு நாள் வாதாடினார். கடைசியில் 'சோயா வறுவல்' ஆனது. இன்னும் பாதிப் பேர் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், ஆனால் விரல் பின்பக்கத்தில்தான் நிற்கிறது. கியூஆர் குறியீடு மட்டும் வைத்துவிடலாமே என்றான் மாமா மகன். கறிக் கையோடு கைப்பேசியைத் தொடுவது யார் என்று கேட்டதும் அடங்கிவிட்டான்.

40 அட்டைகள், ஒன்று 9 வெள்ளி. பழைய கறுப்பு அட்டைகளில் ஒன்றை என் அறையில் வைத்திருக்கிறேன். அந்த அம்மா அதன்பின் கடைக்கு வரவில்லை.

புது அட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். நெய் தோசை, ரவா தோசை என்று ஒவ்வொன்றாக. முன்பக்கம் முடிந்து பின்பக்கம் திருப்பினார். பாதியில் நின்றது குரல்.

"ஏம்மா, 'பகற்காய் வறுவல்'னு போட்டிருக்கே. ராத்திரியில வந்தா குடுக்க மாட்டீங்களா?"

துணைக்கால் விட்டுப்போயிருந்தது. நானும் மாமாவும் அச்சகத்துக்காரரும் மூன்று முறை சரிபார்த்த அட்டை. மாமா ஒன்றும் பேசாமல் கல்லாப்பெட்டியிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, 40 அட்டையிலும் 'ப'வுக்கும் 'க'வுக்கும் இடையே இருந்த நூலளவு இடத்தில் ஒவ்வொரு காலாகப் போட ஆரம்பித்தார். மேசை துடைக்கும் துணி பட்டால் அது அழிந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டிருக்கிறார்.