இரத்தம் ஏற்றுவதும் நோவு தணிப்பதும்

பிளேன்ரீ ஆறுமுன் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம். “இனி ஒன்றும் செய்ய ஏலாது, வீட்டுக்குக் கொண்டு போங்க” என்ற பேச்சைக் காரைதீவிலும் கேட்டிருக்கிறோம், பக்கத்து மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சே பிழை. முற்றிய இரத்தப் புற்றுநோயை மாற்ற ஏலாமல் போகலாம். ஆனால் நோவு, மூச்சிரைப்பு, வாய்ப்புண், இரத்தக் கசிவு, இராத்தூக்கத்தைக் கெடுக்கும் பயம் எல்லாவற்றுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. இதைத்தான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறார்கள்.

இரத்தப் புற்றுநோயில் ஒரு சிக்கல் கூட உண்டு. லுக்கீமியாவில் என்பு மச்சை கெட்டுவிடுவதால் சிவப்பணுவும் இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டும் (பிளேட்லட்) போதியளவு ஊறாது. வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். சிறுதட்டுகளைச் சேமித்து வைக்க முடிவது சுமார் 5 நாள்தான். ஆகவே நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு விலக முடிவதில்லை. அமெரிக்காவில் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் ஹொஸ்பிஸ்கள் பலவற்றில் இரத்தம் ஏற்றமாட்டார்கள். அதனாலேயே இந்த நோயாளிகள் அங்கே மிகப் பிந்திப் போகிறார்கள். நமக்குப் பிரச்சினை தூரம். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக இராப் பஸ் ஏற வேண்டும். களைத்த உடம்பு அதைத் தாங்காது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ இரத்தம் ஏற்றிக்கொள்ள ஒழுங்கு செய்ய முடியுமா என்று சிகிச்சை தரும் டொக்டரிடமே கேளுங்கள், கடிதமும் வாங்குங்கள்.

ஏற்றுவதா, நிறுத்துவதா? ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஏற்றிய பிறகு வாப்பா எழும்பி உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினார் என்றால் அது பயன். ஒரு நாள் முழுக்க வார்ட்டில் கிடந்தும் களைப்பு மாறவில்லை என்றால், டொக்டரோடு பேசி நிறுத்துவது கைவிடுதல் ஆகாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். சிறுதட்டு குறைந்தவருக்கு மூட்டு நோவென்று பாமசியில் டைக்லோஃபெனக் வாங்கிக் கொடுக்காதீர்கள்; இருக்கிற சிறுதட்டையும் வேலை செய்யவிடாது, வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். குண்டியில் ஊசி போடுவதும் ஆகாது. முரசில் கசிவு நிற்காவிட்டால் டிரனெக்ஸாமிக் அசிட் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். கடும் நிறத் துவாய் இரண்டைக் கட்டிலருகே வையுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்ச இரத்தமும் பெரிதாகத் தெரியும், நோயாளி அதைப் பார்த்தே மிரண்டுபோவார்.

பிறகு மோர்பின். பேரைச் சொன்னாலே நம் சனங்களுக்கு நடுக்கம்: அடிமையாகிவிடுவார், சீக்கிரம் மௌத்தாகிவிடுவார் என்று. கடும் நோவுக்குச் சரியான அளவில் கொடுத்தால் இரண்டும் வீண் பயம். 1967இல் லண்டனில் சென்ட் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், நோவு கூடும்வரை காத்திராமல் நேரம் தவறாது கொடுக்கச் சொன்னார். சாதாரண மோர்பினுக்கு 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பது வழமை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கும் சேர்த்து மருந்து எழுதச் சொல்லுங்கள். மயிலோமா என்ற இரத்தப் புற்றுநோயில் சிறுநீரகம் பழுதாவதுண்டு, அப்போது மோர்பின் உடம்பில் தேங்கும். அளவைக் குறைக்க வேண்டும், அல்லது மருந்தையே மாற்ற வேண்டும்.

தணிப்புப் பராமரிப்பு கடைசி நேர வைத்தியம் மட்டும் என்று நினைப்பதும் தவறு. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப் போன 160 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. தொடக்கத்திலிருந்தே தணிப்புப் பராமரிப்புக் கிடைத்தவர்களுக்கு நோய்க்குறிகளின் தொல்லையும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. அவர்கள் கடைசி நேரத்தில் இருந்தவர்கள் அல்லர், நோயை எதிர்த்துச் சிகிச்சை பெற்றவர்கள்.

நம்மைப் போன்ற ஊர்களுக்கு நான் காட்டும் உதாரணம் கேரளாவின் மலப்புறம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த மாவட்டத்தில் அயலவர்களே பயிற்சி எடுத்து, காசு சேர்த்து, தாதியோடு நோயாளிகளின் வீடு வீடாகப் போனார்கள். 2008இல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை வெளியிட்டது. பள்ளிவாசலும் கோயிலும் இவ்வளவு நெருக்கமாக உள்ள நம் கரையில் அதைச் செய்ய முடியாதென்று நான் நம்பவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியில் மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: நோவு மருந்து பக்கத்தில் எங்கே கிடைக்கும், இரத்தம் எங்கே ஏற்றலாம், இரா 2 மணிக்கு நோவு கூடினால் யாருக்குக் கோல் எடுப்பது. பதில் கிடைக்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.