வலது மூலையில் ஒரு பொய்க் குரல்

இல்லமும் யந்திரமும் – 17

புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலங்குடியைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றில், மகன் பன்னிரண்டாம் வகுப்பு வாசித்த காலத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினியை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, பட்டா நகல் எடுப்பதற்கோ, அயலூரில் இருக்கும் பேத்தியின் படங்களைப் பார்ப்பதற்கோ அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவருடைய திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில், ‘டிங்’ என்ற சிற்றொலியோடு ஒரு பெட்டி எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு நிறத்தில் ஒரு கேடயம். அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. உங்கள் கணினியை ஐந்து வைரஸ்கள் பீடித்திருக்கின்றன, வங்கி விவரங்கள் அபாயத்தில் உள்ளன, இக்கணமே இங்கே அழுத்துக என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அதன் அருகில் மெக்காஃபி, நார்ட்டன் என்று உலகறிந்த பெயர்களுள் ஒன்று. பெட்டியை மூடினால் சிறிது நேரத்தில் மற்றொன்று எழும்பும். அதையும் மூடினால் இரண்டாக வரும். எந்தப் பக்கத்தையும் திறவாமல், கணினியை இயக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட அது வருகிறது என்பதுதான் பெரியவரின் தைரியத்தை முழுக்கக் கெடுத்துவிடுகிறது.

இந்த நிலையில் சாமானியமாக நடப்பது யாது? புதுக்கோட்டைக் கீழராஜ வீதியிலும் அதையொட்டிய தெருக்களிலும் கணினி பழுது பார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றின் வாசலில் பெரியவர் பையும் கையுமாகப் போய் நிற்பார்.

“தம்பி, ஒரு வாரமா வைரஸ் வைரஸ்னு கத்துது, என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

“ஃபார்மட் போட்டுடுவோம் சார். நாளைக்குச் சாயங்காலம் வாங்க.”

ஃபார்மட் என்பது கணினியில் இருக்கும் யாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் காரியம். அதற்கு ஒரு கூலி உண்டு. நகல் எடுத்து வைக்காத காதுகுத்துப் படங்களும் கல்யாணப் படங்களும் போய்விட்டால் அது ஈடுசெய்ய முடியாத நஷ்டம். இவ்வளவுக்குப் பிறகும், அதே மனிதர் அதே இணையதளங்களுக்குப் போய் அதே பொத்தானை அழுத்துவாராகில், பத்து நாளில் அந்தச் சிவப்புக் கேடயம் மீண்டும் மூலையில் முளைத்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வந்தவர் சொல்லும் குறியைக் கேட்டு, நிச்சயமாகப் பலிக்கும் என்று தமக்குத் தோன்றும் சிகிச்சையை அவர் சொல்கிறார். ஆனால் இல்லாத நோய்க்கு அது மிகப் பெரிய சிகிச்சை.

ஏனெனில் அந்தக் கணினியில் வைரஸ் என்பதே பெரும்பாலும் இராது. பதற்றத்தை அடக்கிக்கொண்டு அந்தப் பெட்டியைக் கூர்ந்து நோக்கினால், ஆரவாரமான எழுத்துக்களை விட்டுச் சற்று ஒதுங்கி, கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத சிறிய எழுத்தில், ‘கூகுள் குரோம்’ என்ற பெயரும், அதையொட்டி வாயில் நுழையாத ஏதோ ஓர் இணையதளத்தின் விலாசமும் அச்சாகியிருப்பதைக் காணலாம். அந்த ஒரு வரியில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கணினிக்குள்ளேயே குடியிருக்கும் காவலாகிய ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ உண்மையாகவே எதையேனும் கண்டுபிடித்துச் சொல்லுமானால், பெட்டியின் தலைப்பில் அதன் பெயரே இருக்கும். குரோமின் பெயர் இருப்பதற்கு நியாயமில்லை. ஆக, மூலையிலிருந்து பேசுவது கணினியன்று. எங்கோ இருக்கும் ஓர் இணையதளம், குரோம் என்ற உலாவியின் வாயிலாகப் பேசுகிறது. 2011 செப்டம்பரில் அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்களுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு கூட, சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இடம்பெற்றிருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். லினக்ஸில் குரோமைத் திறந்து அதே தளத்துக்கு அனுமதி கொடுத்திருந்தால், விண்டோஸே இயங்காத அந்த நேரத்தில்கூட, ‘உங்கள் விண்டோஸ் ஆபத்தில் இருக்கிறது’ என்ற அறிவிப்பு வந்து நிற்கக்கூடும்.

இந்த வழி எப்படித் திறந்தது என்பதையும் சிறிது பார்க்கவேண்டும். 2015 ஏப்ரலில் வெளிவந்த குரோமின் 42-ஆம் பதிப்பில், ஓர் இணையதளம் தன் பக்கம் திறந்திராத போதும் வாசகருக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதைக் கைக்கொண்டது. நோக்கம் நல்லதே. மின்னஞ்சல் வந்ததையும், கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததையும், பத்திரிகையின் அவசரச் செய்தியையும் தேடிப் போகாமலே தெரிந்துகொள்வது எவருக்கும் சௌகரியந்தானே? நாம் சம்மதித்தவுடன் அந்தத் தளம் தன் சார்பில் ஒரு சிறு நிரலை உலாவிக்குள் விட்டுச் செல்கிறது. பிற்பாடு அனுப்பப்படும் செய்திகள் உலாவியை உருவாக்கிய நிறுவனத்தின் சேவையகம் வழியாக வந்து, அந்த நிரலைத் தட்டியெழுப்பி, மூலையில் பெட்டியாகத் தோன்றுகின்றன. அப்பெட்டி நம் கோப்புகளைப் படிப்பதில்லை. எதையும் சோதித்துப் பார்ப்பதுமில்லை. ஐந்து வைரஸ் என்ற எண்ணிக்கை, எழுதி அனுப்பியவனின் கற்பனை.

சம்மதத்தை அவன் பெறுகிற உபாயம் கீழ்த்தரமானது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அதிகாரபூர்வமான தளம் திறக்கத் தாமதமாகும்போது கண்ணில் படும் ஏதாவதொரு தளம், புதுப்படத்தை இனாமாகத் தருவதாகச் சொல்லும் தளம், கிரிக்கெட்டை நேரலையில் காட்டுவதாகச் சொல்லும் தளம் என்று இவற்றுள் ஒன்றில், ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்ற வாசகம் பெரிதாகத் தோன்றும். மேலே, விலாசப் பட்டையின் கீழே, உலாவி தன் கடமைப்படி, இத்தளம் அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது, அனுமதிப்பதா, தடுப்பதா என்று சிறிய எழுத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். படம் பார்க்கும் அவசரத்தில் இருப்பவர் கீழே இருக்கும் பொய்யை நம்பி மேலே இருக்கும் பொத்தானை அழுத்திவிடுகிறார். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, 2019-இல் தன் ஆய்வை வெளியிட்டபோது, இத்தகைய வேண்டுகோள்களில் 99 சதவிகிதம் ஏற்கப்படுவதில்லை என்று கண்டது. மறு வருஷம் ஜனவரியில், பக்கம் திறந்தவுடனே இப்படி வந்து கேட்பதையே தன் உலாவியில் நிறுத்திவிட்டது. எஞ்சிய அந்த ஒரு சதவிகிதத்தில் ஒரு பகுதியை நம்பியே வஞ்சகரின் பிழைப்பு நடக்கிறது.

இதைப் பற்றி யோசிக்கும்போது, இந்த ஜில்லாவாசிகளுக்கு, எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம் நினைவுக்கு வராமற் போகாது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், குவாரிகளில் கல் உடைக்கும் பெண்களும் வயற்காட்டில் நடவு நடும் பெண்களும் அந்தி சாய்ந்த பிறகு விளக்கடியில் கூடி எழுத்துக் கற்றதும், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டவும் பழகிக்கொண்டு தெருவை நிறைத்ததும் தேசமெங்கும் பேசப்பட்ட விஷயங்கள். அந்த வகுப்புகளில் அவர்கள் தம் பெயரை எழுதவும் கற்றார்கள். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்ததனால் நிலமும் நகையும் போன கதைகள் அவர்களுக்குப் புதியவை அல்ல. அனுமதிப் பொத்தானை வாசியாமல் அழுத்துவதும் அந்தக் கைநாட்டுத்தான். வித்தியாசம் என்னவென்றால், இன்று கைநாட்டு வைப்பவர்களில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். பத்திரமோ அந்நிய பாஷையில் இருக்கிறது. உலாவியின் முகப்பைத் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி குரோமிலேயே உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது ஏன் என்பது எனக்கு இன்றளவும் விளங்காத விஷயம்.

பயமுறுத்துவதால் அந்த வஞ்சகருக்கு என்ன லாபம்? இரண்டு பாதைகள் உண்டு. பெட்டியை அழுத்தினால் சில சமயம் பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் உண்மையான விற்பனைப் பக்கமே திறக்கும். நாம் பயந்து வாங்கினால், வாடிக்கையாளரை அழைத்து வந்ததற்கான தரகு அனுப்பியவனுக்குப் போய்ச் சேரும். இதில் நாம் இழப்பது தேவையில்லாத ஒரு சந்தாத் தொகை. பொய்யான மருந்தையே விற்றவர்களும் உண்டு: ‘வின்ஃபிக்ஸர்’ முதலிய போலி மென்பொருள்களை உக்ரைன் நாட்டுக் கீவ் நகரிலிருந்து விற்றுவந்த இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது; பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்திருந்தனர்; 2012-இல் நீதிமன்றம் விதித்த தொகை 16 கோடி டாலருக்கு மேல். இரண்டாவது பாதை இதைவிடக் கொடியது. பெட்டியை அழுத்தினால் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் அலறும். அதில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அழைத்தால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்து ஊழியன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன், தூரத்திலிருந்தபடியே நம் கணினியைத் தான் இயக்குவதற்கான மென்பொருளை நம்மைக் கொண்டே நிறுவச் செய்து, எந்தக் கணினியிலும் சகஜமாகப் பதிவாகும் சிறு பிழைக் குறிப்புகளைத் திறந்து காட்டி, ‘பார்த்தீர்களா வைரஸை’ என்பான்.

அந்த ஊழியன் கடல் கடந்த தேசத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டனர். அவர்கள் பதிந்த வழக்குகளில் சில, மைக்ரோசாஃப்டும் அமேஸானும் கொடுத்த புகார்களின் பேரில் எழுந்தவை. அந்நிறுவனங்களின் உதவி மையம் என்று வேஷமிட்டு, பாதுகாப்பு எச்சரிக்கைபோல் தோன்றும் பெட்டிகளைத் திரையில் எழுப்பி, வெளிநாட்டாரை ஏமாற்றிய கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே நடந்துவந்தன என்பதே அப்புகார். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறுவதில்லை என்று அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது. எண் இருந்தால் அது பொய் என்று தயக்கமின்றித் தீர்மானிக்கலாம்.

இனி நிவாரணம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதே அது. ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். குரோமின் வலது மேல்மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாக உள்ளே செல்லவேண்டும். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே நீளமாக விரியும். அதைப் பார்க்கும்போது பலருக்கு ஏற்படும் திகைப்பு சொல்லி முடியாது. நமக்குத் தெரிந்த பத்திரிகையோ மின்னஞ்சலோ தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தித் தடுத்துவிடலாம். நீக்கினால் அந்தத் தளம் மறுபடி கேட்க இடமுண்டாதலால் தடுப்பதே மேல். அதே பக்கத்தின் மேற்பகுதியில், இனிப் புதிதாக எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடும் தேர்வும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் மட்டும் புழங்கும் கணினிக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். எட்ஜ் உலாவியிலும் தள அனுமதிகள் என்ற பகுதிக்குள் இவ்வாறே அறிவிப்புகள் என்ற பிரிவு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் தனியுரிமைப் பக்கத்தின் அனுமதிகள் பகுதியில், இனி எந்த வேண்டுகோளையும் காட்டாதே என்பதற்கு ஒரு சிறு கட்டம் உண்டு; பழைய அனுமதிகளை நீக்கிவிட்டு அதில் குறியிட்டால் போதும்.

திரையை அடைத்துக்கொண்டு அலறும் பக்கம் வந்தால், எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்தழுத்தி, திறக்கும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாமென்று சொல்லவேண்டும். அனுமதிகளை எல்லாம் நீக்கிய பிறகும் பெட்டி வருமானால்தான் உண்மையான சந்தேகத்துக்கு இடமுண்டு: உலாவியில் நாம் அறியாமல் சேர்ந்த நீட்சிகளை அகற்றி, விண்டோஸ் செக்யூரிட்டியைக் கொண்டு முழுச் சோதனை நடத்தவேண்டும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017 முதல் இதற்கான கருவிகளைக் கட்டணமின்றிக் கொடுத்துவருகிறது.

எண்ணை அழைத்துப் பேசி, கணினியை அவன் வசம் ஒப்படைத்தாகிவிட்டது என்றால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, அவன் நிறுவச் செய்த மென்பொருளை நீக்கி, வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றவேண்டும். பணமும் போயிருந்தால் தாமதம் கூடாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் கைமாறிக்கொண்டிருக்கும் கணக்குகளை முடக்கிவைக்க வழியுண்டு. மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருப்பதனால் புதுக்கோட்டையிலிருந்து இதற்காகத் திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள குரோமுக்கும் இதே பட்டியல் உண்டு. கணினியில் அனுமதி கொடுத்த கை அங்கேயும் கொடுத்திருக்கும். கைப்பேசிக்கே உரிய வேறு சில தொல்லைகளும் இருப்பதால் அவற்றை அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.