பூந்தொட்டியா, புஸ்வாணமா? கற்றாழைக்குத் தொட்டி மாற்றும் முன் இதெல்லாம் தெரியுமா?

சிவகாசிக் கடைத்தெருவில் போய் ‘பிளவர் பாட்’ கேட்டுப் பாருங்கள். செடித் தொட்டி வராது. காகிதக் கூம்புப் புஸ்வாணம்தான் பெட்டியோடு வரும்! அந்த ஊர் மொட்டைமாடியில் நிஜப் பூந்தொட்டியும் இருக்கிறது. அதில் கற்றாழை, அடீனியம், கள்ளி. நர்சரிக்காரர் மொழியில் ‘சக்குலண்ட்’. வாங்கி வந்த தொட்டியிலேயே அதை ஆயுளுக்கும் விட்டுவிடலாம் என்றா நினைக்கிறீர்கள்? வாருங்கள், வியப்பு ஒவ்வொன்றாகக் காத்திருக்கிறது!

பட்டாசும் கள்ளியும் பங்காளிகள், தெரியுமா?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி எல்லாமே வானம் பார்த்த பூமி. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் வெயில்தான் ஆட்சி. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதைத் தொடர்ந்து வந்த பட்டாசும் இங்கே வேரூன்ற இந்த உலர்ந்த காற்றும் ஒரு காரணம். தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேமித்து வைக்கும் கள்ளிக்கும் கற்றாழைக்கும் இதே காற்றுதான் சொத்து. ஈரம் ஏறினால் பட்டாசு நமுத்துப்போகும், கற்றாழை அழுகிப்போகும்!

பருத்தி விளையும் கரிசல், தொட்டிக்குள் எமன்!

இந்த வட்டாரத்தின் கரிசல் மண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் வகைக் களிமண் செய்கிற வித்தை அது. வயலில் அந்த ஈரப்பிடிப்பு வரம். தொட்டியிலோ? கரிசலில் நட்ட என் முதல் கற்றாழைக்கு ஒரே ஒரு கார்த்திகை மழைதான் கிடைத்தது. மழை விட்டதும் மேல்மண் காய்ந்து வெடித்து விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லை, அடித்தண்டு கூழாகிக் கையோடு வந்தது!

கருமருந்தின் மூன்று சரக்கும் தோட்டக்காரரிடம் உண்டு!

பட்டாசின் பழைய மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. இந்த மூன்றும் செடிக்கும் உதவுபவை என்றால் நம்புவீர்களா? வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்தான் உரக்கடையில் 13:0:45 என்ற பெயரில் மூட்டையில் இருக்கிறது. கந்தகத்தூள் பூஞ்சையை அடக்கும். அறுத்த வேரின் காயத்தில் ஒரு சிட்டிகை தூவுவார்கள். அடுப்புக்கரித் துண்டு மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். ஆனால் ஒன்று: மூன்றையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பட்டாசு ஆலைச் சரக்கு வேண்டவே வேண்டாம். மருந்து இருந்த பேரலைத் தொட்டியாக்கவும் கூடாது. காயத்துக்குச் சமையலறை மஞ்சள்தூளே போதும்!

‘இடம் போதவில்லை’ என்று செடியே சொல்லும்!

தொட்டியின் அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கிறதா? ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாகவே வழிந்து ஓடுகிறதா? தாயைச் சுற்றிக் குட்டிக் கற்றாழைகள் நெருக்கியடிக்கின்றனவா? தலை கனத்துச் செடி சாய்கிறதா? ஒன்று தெரிந்தாலும் நேரம் வந்துவிட்டது. எதுவும் தெரியாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுவது நல்லது.

தை பிறந்தால் செடிக்கும் வழி பிறக்கும்!

மழை ஓய்ந்து, குளிர் விலகி, வெயில் இன்னும் உறைக்காத தை, மாசிதான் இங்கே சரியான காலம். புது வேர் பிடித்து நிமிர்வதற்குள் அக்னி நட்சத்திரம் வந்துவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் தொடவே வேண்டாம். காயம்பட்ட வேரில் மழையீரம் பட்டால் அழுகல்தான்.

வாசல் நிலையில் தலைகீழாகத் தொங்குகிறதே, அது எப்படி?

திருஷ்டிக்காக வாசலில் கட்டிய கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகவே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மடலில் சேர்த்து வைத்த தண்ணீரே அதற்குப் போதும். அதனால்தான் தொட்டி மாற்றும்போது அவசரமே வேண்டாம்! ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த மண் தானாக உதிரும். கறுத்து நைந்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்கிவிட்டு, மூன்று நான்கு நாள் நிழலில் செடியைச் சும்மா கிடத்துங்கள். காயம் காய்ந்து தோல் கட்டும். அதன் பிறகே புதுத்தொட்டி!

பெரிய தொட்டி வைத்தால் செடி பெரிதாகுமா?

ஆகாது! வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும், அவ்வளவுதான். பழையதைவிட ஓரிரு அங்குலம் அகலம் போதும். சுட்ட மண்தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும். விருதுநகர்ப் பக்கம் பஞ்சமில்லாத காலி எண்ணெய் டின் என்றால், நன்றாகக் கழுவி, அடியில் ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். கலவை எளிது: பாதிக்குச் சலித்துக் கழுவிய எம்-சாண்டும் பட்டாணி அளவுச் செங்கல் துண்டும், மீதியில் செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய தொழுவுரமும்.

காலையில் புளிப்பு, மதியம் சப்பென்று: ஒரே இலை!

தென்னிந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை விடியலில் புளிப்பதையும் மதியம் சுவையற்றுப் போவதையும் கவனித்துக் கடிதமாக எழுதினார். 1815-இல் அது அச்சானது. காரணம்? பகலில் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்று ரணகள்ளி போன்ற சக்குலண்ட் செடிகள் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, புளிப்பு அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. நீங்கள் கடித்துப் பார்க்காதீர்கள். அதில் நச்சும் உண்டு!

வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால்?

மாவுப்பூச்சி! கழுவித் துடைத்துவிட்டே நடுங்கள். இதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்று பெரிய காரியம் செய்திருக்கிறது. தென்னிந்திய நிலங்களை அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கொச்சினீல் பூச்சி, சில ஆண்டுகளிலேயே சுமார் 40,000 ஹெக்டேரில் வேலையை முடித்துவிட்டது!

கள்ளிப்பால் விளையாட்டல்ல!

கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கையுறை கட்டாயம், பட்டுவிட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அடீனியத்தின் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் நஞ்சாகத் தடவினார்கள். அதே அடீனியத்தை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரு விரற்கடை உயர்த்தி நட்டால், பருத்த அடித்தண்டு வெளியே தெரிந்து அழகு கூடும்.

நட்டாயிற்றா? குடத்தைத் தூக்காதீர்கள்! ஒரு வாரம் தண்ணீர் கிடையாது, உரம் ஒரு மாதத்துக்குக் கிடையாது, வெயில் கொஞ்சம் கொஞ்சமாக. பட்டாசுக்கு மருந்து செலுத்திப் பழகிய எங்கள் தெரு அக்கா, புதிதாக நட்ட கற்றாழைக்கு நான் சொம்போடு போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏ தம்பி, காய விடுப்பா. காஞ்சாத்தான் எதுவும் பிடிக்கும்.” எட்டாம் நாள் தண்ணீர் விட்டேன். மாசி முடிவதற்குள் நடுவில் ஒரு புது மடல் முளைவிட்டது. இந்தப் ‘பிளவர் பாட்’ புஸ்ஸாகவில்லை!